ரொட்டி நூலகத்தின் முதல் உறுப்பினர்

முதலியார்பேட்டையில் ஒரு நூலகம் இருந்தது. அதில் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ரொட்டி வாசனை அடிக்கும்.

அதற்குக் காரணம் ஆதிலட்சுமி. அவளுடைய அம்மா மணியம்மாள் டவுனில் ஒரு பேக்கரியில் வேலை செய்தார். நீளநீளமான பிரெஞ்சு ரொட்டிகளை அடுக்கி வைக்கும் இரும்பு அலமாரி ஒன்றுக்குக் கால் வளைந்துவிட்டது என்று பேக்கரியில் கழித்துப் போட்டார்கள். மணியம்மாள் அதைக் கேட்டு வாங்கி வண்டியில் ஏற்றி அனுப்பினார். ஆதிலட்சுமி அந்த வண்டியை நேராக ஸமீஹா வீட்டு வாசலுக்கு ஓட்டிவரச் செய்தாள்.

"இந்தா. லைப்ரரி லைப்ரரின்னு நீதான கனவு கண்டுட்டு இருந்த? இதுல வை."

ஸமீஹாவும் ஆதிலட்சுமியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஸமீஹா தூரதேசத்துக் கதைகளைத் தமிழில் படித்துப் படித்து, மே மாத வெயிலில்கூட ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிறதா என்று எட்டிப் பார்ப்பவள். ஆதிலட்சுமி அப்படி இல்லை. ஒரு புத்தகம் பிடித்திருந்தால் முடிக்காமல் கீழே வைக்கமாட்டாள். பிடிக்காவிட்டால் அதன்மேல் தட்டை வைத்துச் சாப்பிடுவாள்.

வளைந்த காலுக்கு அடியில் ஒரு செங்கல் வைத்தார்கள். அலமாரி நிமிர்ந்து நின்றது. தெருப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு மூன்று புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரொட்டி நூலகம் பிறந்தது.

பிறந்த உடனே அது அழ ஆரம்பித்தது. அதாவது, ஸமீஹா வீட்டுத் தொலைபேசி.

"ஸமீஹா, முதலைக் கதை யாருகிட்ட இருக்கு?"

"ஸமீஹா, திமிங்கலப் புத்தகம் வந்துடுச்சா?"

தவளக்குப்பத்தில் இருக்கும் மாமி வீட்டுப் பிள்ளைகள்கூட அழைத்தார்கள். பை, குடை விற்கும் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்த அத்தா ஹிதாயத்துல்லா, சாப்பிட்டு முடிப்பதற்குள் பலமுறை எழுந்து போனை எடுத்தார்.

"இது வீடா, டெலிபோன் ஆபீஸா?" என்றார், சோற்றுக் கையோடு.

அப்போதுதான் ஸமீஹாவுக்கு அந்த யோசனை வந்தது. எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று எல்லாரும் அவரவர் இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ள ஓர் இணையதளம் இருந்தால்?

மாடியில் பெரியப்பா குடும்பம். பெரியப்பா மகன் ஷாரிக் லாஸ்பேட்டையில் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். ஸமீஹா போய்க் கேட்டபோது அவன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வெப்சைட்டா? நீயா?" என்று சிரித்தான். ஆனாலும் உள்ளே போய் ஒரு சி.டி.யைத் தேடி எடுத்து வந்தான். "இந்தா, டிங்கி. டிங்கின்னா சின்னப் படகு. இது ஒரு வெப் ஃப்ரேம்வொர்க்."

"அப்படின்னா?"

"வீடு கட்டணும்னா நீயே செங்கல் சுடறியா? கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாம் இதுல ரெடியா இருக்கும். உனக்கு வேணுங்கறத எடுத்து அடுக்கிக்கணும், அவ்ளோதான்."

"யாரு செஞ்சாங்க?"

"உலகம் பூரா ஆளுங்க. ஒருத்தர் நார்வேல, ஒருத்தர் பிரேசில்ல. சும்மா செஞ்சு குடுத்துருக்காங்க. அது மட்டும் இல்ல, உள்ள எப்படி எழுதியிருக்குன்னு யாரு வேணாலும் பாக்கலாம், மாத்தலாம். அதுக்குத்தான் ஓப்பன் சோர்ஸ்னு பேரு."

கூட வந்திருந்த ஆதிலட்சுமிக்கு நம்பவே முடியவில்லை. "எங்கம்மா பேக்கரில மாவு பிசையற ரூமுக்குள்ள எட்டிக்கூடப் பாக்க வுட மாட்டாங்க. இவங்க கதவையே கழட்டி வெச்சுட்டாங்களா?"

ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்கியிருந்தது. ஸமீஹா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். டிங்கியோடு 'புதிதாக வருபவர்களுக்கு' என்று ஒரு வழிகாட்டி இருந்தது. எல்லாம் ஆங்கிலம். பக்கத்தில் ஓர் அகராதி; அதற்குப் பக்கத்தில் ஆதிலட்சுமி.

"இங்க என்ன போட்டுருக்கு?"

"இந்த வரிய அப்படியே எழுதணுமாம்."

"அப்படியேன்னா அப்படியே எழுதேன்டி. நீ எதுக்கு நடுவுல ஒரு இடம் வுட்டுருக்க?"

"பாக்க அழகா இருக்கும்னுதான்."

"படகுல ஓட்ட போட்டுட்டு அழகுங்கறா!"

இடைவெளியை எடுத்ததும் திரையில் ஒரு குட்டிப் படகு தோன்றியது. அதன் கீழே, 'உங்கள் படகு மிதக்கிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ஸமீஹா நாற்காலியிலேயே குதித்தாள். கடல் அவள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. புத்தகப் பட்டியல் வந்தது. 'உள்ளே இருக்கிறது', 'வெளியே போயிருக்கிறது' என்ற பொத்தான்கள் வந்தன. புதியவர்கள் தங்கள் தளத்தை வைத்துக்கொள்ள டிங்கிக்காரர்களே இணையத்தில் ஓர் இலவச இடம் கொடுத்திருந்தார்கள். அதற்குத் துறைமுகம் என்று பெயர். ரொட்டி நூலகமும் அங்கே போய் நின்றது.

திறப்பு விழாவுக்கு முன்னால் ஓர் ஒத்திகை வைத்தார்கள். பிள்ளைகள் எல்லாம் ஸமீஹா வீட்டில் கூடினார்கள். உறுப்பினராகும் பக்கம் டிங்கியில் தயாராகவே இருந்தது. ஆணா பெண்ணா என்று ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் முதல் பெயர். இன்னொன்றில் கடைசிப் பெயர்.

"கடைசிப் பேரா? எனக்கு ஒரு பேருதான் இருக்கு," என்றான் எதிர்வீட்டு விஜய்.

பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயர் உண்டு. அவர்கள் எழுதிவிட்டு நகர்ந்தார்கள். மற்றவர்கள் விழித்தார்கள்.

ஸமீஹா அத்தாவின் பெயரை எழுதிப் பார்த்தாள். உடனே திரை, 'நல்வரவு, மிஸ் ஹிதாயத்துல்லா!' என்றது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தாவுக்குப் புரையேறியது. "நான் எப்பம்மா மிஸ் ஆனேன்?"

விஜய் 'விஜய் விஜய்' என்று எழுதினான். ஏற்றுக்கொண்டது. அவனுக்குப் பின்னால் நின்ற பூர்ணிமா கடைசிப் பெயர் கட்டத்தில் 'மாம்பழம்' என்று எழுதினாள். அதையும் ஏற்றுக்கொண்டு, 'நல்வரவு, மிஸ் மாம்பழம்!' என்றது. வீடே சிரித்தது.

பிறகு ஆதிலட்சுமி உட்கார்ந்தாள். முதல் கட்டத்தில் 'ஆதிலட்சுமி'. இரண்டாவது கட்டத்தில், பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல, 'எம்' என்று ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாகத் தன் இனிஷியல்.

திரை சிவப்பானது. 'கடைசிப் பெயர் மிகச் சிறியது. சரியான பெயரை எழுதவும்.'

அவள் மறுபடி எழுதினாள். மறுபடியும் சிவப்பு.

"எடுத்துட்டு வெறும் பேர மட்டும் போடு," என்றாள் பூர்ணிமா. அதையும் செய்து பார்த்தார்கள். 'கடைசிப் பெயர் இல்லாமல் சேர முடியாது' என்றது.

மாடியிலிருந்து இறங்கி வந்த ஷாரிக் எட்டிப் பார்த்தான். "உங்கம்மா பேர முழுசா போட்டுடேன். எம்முன்னா மணியம்மாள்தான?"

"அப்போ அது என்ன மிஸ் மணியம்மாள்னு கூப்புடும். மணியம்மாள் எங்கம்மா. நான் ஆதிலட்சுமி." அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "இந்த 'எம்' சும்மா வந்தது இல்ல. ஸ்கூல்ல சேக்கும்போது அப்பா இனிஷியல்தான் போடணும்னாங்க. வளக்கறது நான்தான், என் எழுத்த போடுங்கன்னு எங்கம்மா திரும்பத் திரும்பப் போய் நின்னாங்க. அப்புறம்தான் போட்டாங்க."

ஆதிலட்சுமி நாற்காலியைவிட்டு எழுந்தாள். "பரவால்ல ஸமீஹா. எல்லாரும் இதுல சேருங்க. என் பேர மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோ."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அலமாரிப் பக்கம் திரும்பி, நேராகவே இருந்த புத்தகங்களை மறுபடி நேராக்கினாள்.

ஸமீஹா அந்த அலமாரியைப் பார்த்தாள். அலமாரி கொடுத்தவள் பெயர் மட்டும் பேப்பரிலா? மாம்பழம்கூட உள்ளே போய்விட்டதே!

"ஒத்திகை முடிஞ்சுது, போட்ட பேரெல்லாம் அழிச்சுடறேன்," என்றாள் சத்தமாக. "ரொட்டி நூலகத்துக்கு முதல் உறுப்பினர் ஆதிலட்சுமிதான். அவ சேர்ற அன்னிக்குத்தான் லைப்ரரி திறக்கும்."

"அது வரைக்கும் நாங்க என்னாத்தப் படிக்கறது?" என்று கேட்டான் விஜய்.

"பாடப் புத்தகம்!" என்றார் அத்தா உள்ளேயிருந்து.

மறுநாள் காலை ஸமீஹா டிங்கியின் உள்ளே இறங்கினாள். கதவுதான் திறந்திருக்கிறதே! ஒரு கோப்புக்குள் இன்னொரு கோப்பு, அதற்குள் இன்னொன்று. பாழடைந்த கோட்டைக்குள் விளக்கோடு நடப்பதுபோல் இருந்தது. கடைசியில் அந்த வரி கிடைத்தது. 'கடைசிப் பெயர்: குறைந்தது இரண்டு எழுத்துகள்.' அந்த வரியை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆதிலட்சுமியின் பெயர் சுலபமாக உள்ளே போனது; சிவப்பு வராத சந்தோஷத்தில் வேறெதையும் அவள் கவனிக்கவில்லை.

ஆனால் துறைமுகத்தில் இருக்கும் ரொட்டி நூலகத்தைத் திறந்தால், அதே சிவப்பு.

"இது உன் வீட்டு டிங்கி," என்றான் ஷாரிக். "துறைமுகத்துல இருக்கறது அவங்க டிங்கி. அங்க எல்லா சைட்டுக்கும் அதுதான். அவங்களா மாத்தி புதுசு வுட்டாதான் மாறும்."

"அவங்ககிட்ட கேக்கறேன்."

"உலகம் பூரா யூஸ் பண்ற சாமான், முதலியார்பேட்டைக்காக மாத்துவாங்களா? கனவு காணாத."

கனவு காண்பதுதான் ஸமீஹாவின் தினசரி வேலை. அவள் டிங்கிக்காரர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்துக்குப் போய், அகராதியின் உதவியோடு ஒரு கடிதம் எழுதினாள். 'எங்கள் ஊரில் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் ரொட்டி வாசனை தெருவெல்லாம் நடந்து போகும்...' என்று தொடங்கிய அந்தக் கடிதம், கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

மாலையில் பதில் வந்தது. எழுதியவர் பெயர் ஹென்ரிக், நார்வேக்காரர்.

'மிக அழகான கடிதம். எனக்குப் பசியே வந்துவிட்டது. ஆனால் என்ன பழுது என்று புரியவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்? என்ன நடந்தது? என்ன நடந்திருக்க வேண்டும்? இதை மட்டும் சொல்லுங்கள்.'

ஸமீஹாவின் காது சூடானது. ஆதிலட்சுமி அவளை இடித்து நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன், நீ எழுது. என் பேர எழுதினேன். சின்னப் பேருன்னு வெளிய தள்ளிடுச்சு. வாம்மான்னு உள்ள வுட்டுருக்கணும்."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான நடந்துச்சு?"

அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார்கள். இந்த முறை ரால்ஃப் என்பவர் பதில் எழுதினார். உறுப்பினர் பக்கத்தைக் கவனித்துக்கொள்பவர் அவர்தான்.

'இது பழுது அல்ல. வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறோம். பலர் சோம்பல்பட்டு ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு, பொய்ப் பெயரில் நுழைகிறார்கள். அதைத் தடுக்கவே இந்த விதி. உங்கள் தோழி குடும்பப் பெயரை எழுதட்டும்.'

அதன் கீழே 'முடிந்தது' என்று போட்டு மூடிவிட்டார்.

"பாத்தியா? நான்தான் சொன்னனே," என்றான் ஷாரிக்.

ஸமீஹா அலமாரிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவள் படித்த கதைகளில் கதவைத் தட்டினால் யாராவது திறப்பார்கள். இங்கே திறந்திருந்த கதவைச் சாத்திவிட்டார்களே!

அந்த நேரம் பார்த்து விஜய் வாசலில் வந்து நின்றான். அவன் தினமும் வருவான்.

"இன்னிக்காவது தெறப்பியா?"

"இல்ல."

"அவளையும் என்ன மாதிரி எழுதச் சொல்லேன்! நான் விஜய் விஜய்னு போட்டேன். அது ஒண்ணுமே சொல்லல. பூர்ணிமாவ மாம்பழம்னே சேத்துக்கிச்சு."

ஸமீஹா நிமிர்ந்தாள்.

"இப்ப என்னா சொன்ன?"

"மாம்பழம்னேன். ஏன், பசிக்குதா?"

"விஜய், நீ ஒரு மேதை!" என்று கத்திக்கொண்டே ஸமீஹா கம்ப்யூட்டரிடம் ஓடினாள்.

விஜய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டான்.

மூடிவிட்டாலும், கீழே பதில் எழுத இடம் இருந்தது. இந்த முறை கடல் இல்லை, ரொட்டி இல்லை. ஸமீஹா எழுதினாள்:

'நாங்கள் ஓர் ஒத்திகை வைத்தோம். ஒரு பையன் தன் பெயரையே இரண்டு முறை எழுதினான். டிங்கி அவனைச் சேர்த்துக்கொண்டது. ஒரு பெண் கடைசிப் பெயர் மாம்பழம் என்று எழுதினாள். அவளையும் சேர்த்துக்கொண்டது. ஆதிலட்சுமி மட்டும் தன் உண்மையான பெயரை எழுதினாள். எங்கள் ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் எழுத்துதான் உண்டு. அவளை மட்டும் டிங்கி வெளியே நிறுத்திவிட்டது. பொய் எழுதுகிறவர்கள் நீளமாகவும் எழுதலாமே? உங்கள் விதி அவர்களைத் தடுக்கவில்லை. உண்மை சொன்னவளைத்தான் தடுக்கிறது.'

அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் அவள் விரல் நின்றது. "ரொம்பக் கோவமா இருக்கா?"

ஆதிலட்சுமி படித்துப் பார்த்தாள். "கோவம் இல்ல. கணக்கு மாதிரி இருக்கு. அனுப்பு."

மறுநாள் காலை இருவரும் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள். பிறகு திறந்த வாயை மூடவில்லை.

ஜாவா தீவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். 'என் பெயர் சுகியோனோ. அவ்வளவுதான் என் முழுப் பெயர். உங்கள் டிங்கிக்காக நான் இத்தனை நாளாக சுகியோனோ சுகியோனோ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.'

"நம்ம விஜய் மாதிரியே!" என்றாள் ஆதிலட்சுமி.

கொரியாவிலிருந்து ஒரு பெண். 'என் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே எழுத்துதான்: ஓ. ஆயிரம் வருடப் பழைய பெயர். டிங்கி அதைச் சரியான பெயர் இல்லை என்கிறது. ஆதிலட்சுமிக்கு என் வணக்கம்.'

இன்னும் இன்னும் வந்திருந்தன. கடைசியில் ரால்ஃப்.

'நான் இதை யோசிக்கவே இல்லை. பொய்ப் பெயரைத் தடுப்பதாக நினைத்து இத்தனை பேரை வெளியே நிறுத்தியிருக்கிறேன். மன்னிக்கவும். விதியை எடுத்துவிடலாம். மாற்றத்தை நீங்களே எழுதி அனுப்புகிறீர்களா? சோதனையும் சேர்த்து அனுப்பவும்.'

அதற்கும் கீழே ஹென்ரிக் கேட்டிருந்தார்: 'நீங்கள் எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள்?'

ஸமீஹா உண்மையையே எழுதினாள். 'எட்டாம் வகுப்பில். ஜூன் மாதத்திலிருந்து.'

ஷாரிக் அதையெல்லாம் படித்தான். திரும்ப ஒரு முறை படித்தான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "நானும் பாக்கட்டுமா?" என்று கேட்டான். அவன் அப்படி அனுமதி கேட்டு ஸமீஹா பார்த்ததே இல்லை.

"சோதனைன்னா என்னா அண்ணா? பரீட்சையா?"

"கிட்டத்தட்ட. நீ மாத்தினது சரியா வேலை செய்யுதான்னு கம்ப்யூட்டரே பாத்துச் சொல்றதுக்கு ஒரு குட்டி புரோகிராம் எழுதணும். ஏற்கெனவே இருக்கறதப் பாத்து எழுதலாம்."

ஏற்கெனவே இருந்த சோதனைகளில் ஜான் ஸ்மித் என்று ஓர் ஆள் வந்தார். ஒரு சோதனையில் ஜான் ஸ்மித் சேர்ந்தார். இன்னொன்றில் வெளியே போனார். மறுபடி சேர்ந்தார்.

"பாவம், இந்த ஜான் ஸ்மித்துக்கு வேற வேலையே இல்லியா?" என்றாள் ஆதிலட்சுமி.

ஸமீஹா திரும்பி அவளைப் பார்த்தாள். "ஆதி, இந்தச் சோதனைல உன் பேர வெக்கலாமா?"

ஆதிலட்சுமி நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு, "எம்ம வுட்டுறாத," என்றாள்.

ஸமீஹா எழுதினாள். முதல் பெயர்: ஆதிலட்சுமி. கடைசிப் பெயர்: எம். நடக்க வேண்டியது: 'நல்வரவு, ஆதிலட்சுமி!' என்று திரை சொல்ல வேண்டும்.

சோதனையை ஓட்டினாள். பச்சை வரும் என்று மூவரும் குனிந்தார்கள். சிவப்பு வந்தது.

"அய்யோ! வரியத்தான் எடுத்துட்டமே!"

ஷாரிக் தலையைச் சொறிந்தான். ஆதிலட்சுமி சிவப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன உள்ள வுட்டுடுச்சுடி! ஆனா பாரு, 'நல்வரவு, மிஸ் எம்!'ங்குது. யாரு அது, நம்ம ஸ்கூலுக்கு வந்த புது டீச்சரா?"

ஆமாம், டிங்கி எல்லாரையும் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் வரவேற்கும். அத்தாவை மிஸ் ஆக்கியதும் அதுதான். ஸமீஹா வரவேற்பு வரியைத் தேடிப் பிடித்தாள். கடைசிப் பெயருக்குப் பதிலாக முதல் பெயரைச் சொல்லும்படி மாற்றினாள். 'மிஸ்' என்பதையும் எடுத்தாள்.

மறுபடி ஓட்டினாள்.

பச்சை.

மூன்று பேரும் போட்ட சத்தத்தில், அடுப்படியிலிருந்து அம்மா கரீமா கரண்டியோடு ஓடிவந்தார். "என்னாச்சு? பாம்பா?"

"இல்லம்மா, பச்ச!"

"பச்சப் பாம்பா?" என்று கரீமா நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

மாற்றம் டிங்கிக்காரர்களுக்குப் போனது. மாற்றத்தோடு இரண்டு வரி மட்டும் எழுதியிருந்தாள் ஸமீஹா: என்ன செய்தேன், ஏன் செய்தேன். ரால்ஃப் படித்துப் பார்த்து, 'ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை' என்று எழுதி, டிங்கிக்குள் சேர்த்துக்கொண்டார். புதிய டிங்கி வெளிவந்ததும் துறைமுகம் முழுவதும் அது ஏறிவிடும் என்றார். அந்த வாரம் ஸமீஹா எத்தனை முறை போய்ப் பார்த்தாள் என்பதை அவளிடம் கேட்கக்கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துறைமுகத்தில் அறிவிப்பு வந்தது. புதிய டிங்கி ஏறிவிட்டது.

செய்தி தெருவில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஸமீஹா வீட்டு வாசல் நிறையச் செருப்புகள். தவளக்குப்பத்துப் பிள்ளைகள் பஸ் பிடித்தே வந்துவிட்டார்கள். அத்தா கடையைத் தாமதமாகத் திறக்கப் போகிறேன் என்றார். மணியம்மாள் பேக்கரி வேலையை முடித்துவிட்டு, கை நிறைய ரொட்டியோடு வந்து கதவோரம் நின்றார்.

"உள்ள வாங்கக்கா," என்று கூப்பிட்டார் கரீமா.

"இருக்கட்டும்மா. பொண்ணு மொதல்ல போகட்டும்."

எல்லாருக்கும் முன்னால் விஜய்தான் நின்றிருந்தான். அவன் இரண்டு பக்கமும் கைகளை விரித்துக் கூட்டத்தைத் தள்ளினான். "வழி வுடுங்க, வழி வுடுங்க! முதல் உறுப்பினர் வராங்க!"

ஆதிலட்சுமி உட்கார்ந்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். முதல் கட்டத்தில் 'ஆதிலட்சுமி'. இரண்டாவது கட்டத்தில் 'எம்'. பிறகு பொத்தானை அழுத்தாமல் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். மணியம்மாள் தலையசைத்தார்.

அழுத்தினாள்.

'நல்வரவு, ஆதிலட்சுமி! உறுப்பினர் எண் 1: ஆதிலட்சுமி எம்.'

கூடத்தில் எழுந்த கூச்சலுக்கு அலமாரியின் அடியில் இருந்த செங்கல்லே ஆடியது. மணியம்மாள் கதவோரத்தைவிட்டு உள்ளே வந்தார். திரைக்குப் பக்கத்தில் குனிந்து, அந்த 'எம்' எழுத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ரொட்டியைப் பிய்த்து எல்லாருக்கும் கொடுக்கத் தொடங்கினார். முதலில் சி.டி. தேடிக் கொடுத்த ஷாரிக்குக்குக் கொஞ்சம் பெரிய துண்டு.

அடுத்து உட்கார்ந்தான் விஜய். இந்த முறை ஒழுங்காகத் தன் இனிஷியலைப் போட்டான். பூர்ணிமா மாம்பழத்தைக் கைவிட்டாள். ஸமீஹா சேர்ந்தபோது திரை அவளை ஸமீஹா என்றே கூப்பிட்டது. "அப்பாடா!" என்றார் அத்தா. "எனக்கு மிஸ் வேலை போச்சு."

அன்று மாலை, அலமாரி பாதி காலியான பிறகு, ஹென்ரிக்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஸமீஹா சத்தமாக மொழிபெயர்த்துப் படித்தாள்.

"'டிங்கியில் இனிமேல் யார் எதை மாற்றினாலும், சோதனைகள் எல்லாம் ஒரு முறை ஓடும். ஒவ்வொரு முறையும் ஆதிலட்சுமி எம். வந்து கதவைத் தட்டுவாள். அவளை உள்ளே விடாத எந்த மாற்றத்தையும் நாங்கள் சேர்த்துக்கொள்ளமாட்டோம்.'"

ஆதிலட்சுமி திமிங்கலப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்போ நான் தினமும் உலகம் பூரா போய்ச் சேந்துகிட்டே இருப்பனா?"

"ஆமா."

"அவங்க முழிச்சிட்டு இருக்கும்போது, நான் தூங்கிட்டு இருந்தாலும்?"

"ஆமாண்டி!"

ஆதிலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "அத்தன எடத்துலயும் புத்தகம் எடுத்தா, எப்பத் திருப்பிக் குடுக்கறது?" என்று கேட்டுவிட்டு, ஒரு துண்டு ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி திமிங்கலத்துக்குள் போய்விட்டாள்.

ஸமீஹா வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முதலியார்பேட்டையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் எங்கேயோ, பனி பெய்யும் ஓர் ஊரில், யாரோ ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. ஆதிலட்சுமி எம். உள்ளே வந்தாள்.